தோம்பும் முகிலும்: தீவகத்தின் பெயர்களை யாரிட்ட குடுக்கிறது?

புங்குடுதீவுக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் மிடில்பேர்க். வேலணை லெய்டன், அனலைதீவு றொட்டர்டாம், காரைதீவு அம்ஸ்டர்டாம். அந்தக் காரைதீவு பிறகு காரைநகர் ஆனது. நெடுந்தீவுக்கு வைத்த டெல்வ்ட் மட்டும் இண்டைக்கும் ஆங்கிலத்தில் எழுதப்படும் அரச கடிதங்களில் உயிரோடு இருக்கிறது. அவ்வளவு தூரம் ஏன் போவான், குறிகட்டுவானையே எடுங்கோ. சிலர் குறிகாட்டுவான் எண்டு எழுதுகினம், ஆங்கிலத்தில் எழுதேக்குள்ள இன்னும் இரண்டு மூன்று விதம் வரும்.

தீவகத்துப் பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள், பழைய கடிதங்கள், வயது போனவர்களின் வாய்மொழி என்று நாங்கள் சேர்க்கத் தொடங்கிய பட்டியலில் இதுதான் முதல் தலையிடி. எக்செல் தாளில் ஒரே ஊர் நாலு பெயரில் நாலு ஊராக நிற்கிறது. சரியான தரவுத்தளம் ஒன்று வேண்டும் என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை. அதை எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை. ஒரு பெரிய நிறுவனத்தின் முகிலில், அவர்களே பராமரிக்கும் தரவுத்தளத்தை மாதவாடகைக்கு எடுப்பதா? இல்லை, சொந்தக் கணினியில் நாங்களே ஓட்டுவதா? நாங்கள் கலைப்பீடப் பிள்ளைகள். தொழில்நுட்பக் கேள்வி வந்தாலும் வரலாற்றுக்குள்ளாலதான் போவம்.

இந்த மண்ணுக்குப் பதிவேடு புதிதல்ல. போர்த்துக்கேயர் கொண்டுவந்த 'தோம்பு' என்ற சொல் எங்கட தமிழில் தங்கிவிட்டது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தக் கம்பனி அந்த வேலையை இன்னும் ஒழுங்காகச் செய்தது. ஆட்களுக்கு ஒரு தோம்பு, காணிக்கு ஒரு தோம்பு. ஒன்றில் குடும்பத் தலைவர், பெண்சாதி பிள்ளைகள், அவர்கள் செய்யவேண்டிய ஊழியம். மற்றதில் தோட்டம், வயல், மரங்கள், இறை. 18ஆம் நூற்றாண்டில் தென்மேற்குக் கரையில் எழுதிய தோம்புகளைப் பற்றி வாசிக்கும்போது எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது, ஆளையும் காணியையும் வெவ்வேறாக எழுதிவிட்டு ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக வழியும் வைத்திருக்கிறார்கள். ஒரே விபரத்தை இரண்டு இடத்தில் முழுதாக எழுதாமல் தொடுப்பு மட்டும் குடுக்கிற புத்தி அது. கம்பனிக்கு எங்களில் இருந்த அன்பால் அல்ல, வரி தப்பக்கூடாது என்பதால்.

அதே புத்தியைக் கணிதமாக்கியவர் எட்கர் கொட். ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுகூடத்தில் வேலைசெய்த ஆங்கிலேயர். 1970இல் அவர் எழுதிய கட்டுரைதான் உறவுநிலைத் தரவுத்தளத்தின் தொடக்கம். தரவு எல்லாம் அட்டவணைகளாக இருக்கட்டும், ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அடையாளம் இருக்கட்டும், ஓர் அட்டவணை இன்னொன்றை அந்த அடையாளத்தால் தொடட்டும் என்றார். எங்கட பட்டியலில் இதன் பயன் உடனே விளங்கும். ஊர் அட்டவணையில் புங்குடுதீவுக்கு ஓர் இலக்கம், பெயர் அட்டவணையில் அந்த இலக்கத்துக்கு எதிரே மிடில்பேர்க்கும் புங்குடுதீவும். ஆட்சி மாறி ஆயிரம் பெயர் வந்தாலும் ஊர் ஒன்றுதான்.

கொட் சொன்னதில் இன்னொரு பகுதி இருக்கிறது. கணினிக்குள் தரவு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது பாவிக்கிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை என்பது. அப்போது அது பெரிய விடுதலை. 1974இல் அதே ஐபிஎம்மில் எஸ்கியூஎல் மொழியின் முதல் வடிவம் வந்தது, 1986இல் பேர்க்லியில் போஸ்ட்கிரஸ் தொடங்கியது, 1995இல் மைஎஸ்கியூஎல். 2009 ஒக்டோபரில் அமேசன் 'ஆர்டிஎஸ்' சேவையைத் தொடங்கியபோது மறைப்பு இன்னொரு படி போனது. இப்போது கணினியையே தெரிய வேண்டியதில்லை. மென்பொருளை நிறுவுவது, ஓட்டை அடைப்பது, ஒவ்வொரு நாளும் நகல் எடுப்பது, ஒரு கட்டடம் விழுந்தால் இன்னொரு கட்டடத்தில் எழும்புவது, எல்லாம் அவர்கள் பாடு. கூகிளும் மைக்ரோசொஃப்டும் பின்னாலேயே வந்தன.

குறிகட்டுவான் துறையில் நிற்கிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. நெடுந்தீவுக்குப் போக வடதாரகையிலோ குமுதினியிலோ ஏறுகிறோம். எஞ்சின், டீசல், கடல் பார்க்கிறது எல்லாம் ஓட்டிகளின் கவலை. சொந்த வள்ளம் வைத்திருந்தால் நினைத்த நேரம் போகலாம், ஆனால் எஞ்சின் நடுக்கடலில் நிண்டால் நீங்கள்தான் கழட்டோணும். சேவைப் படகு பழுதென்றால் பையைத் தூக்கிக்கொண்டு துறையில் குந்தியிருக்க வேண்டியதுதான்.

சொந்தமாக ஓட்டுவது வீரம் என்று நினைக்கிறவர்கள் 2017 ஜனவரி 31இல் கிட்லாப் நிறுவனத்தில் நடந்ததை வாசிக்க வேண்டும். அலுத்துப்போன ஒரு பொறியாளர் பிழையான கணினியில் அழிக்கும் கட்டளையைக் குடுத்துவிட்டார். நகல் எடுக்க ஒழுங்குசெய்திருந்த பல வழிகளும் சரியாக வேலைசெய்யவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தற்செயலாக ஆறு மணித்தியாலத்துக்கு முன் எடுத்த நகல் ஒன்று இருந்ததால் தப்பினார்கள். இதே தொழிலாக இருக்கிறவர்களுக்கே இந்தக் கதி என்றால், பரீட்சை வந்தால் மூன்று கிழமை கணினிப் பக்கம் எட்டியும் பார்க்காத எங்களுக்கு? 2022 மார்ச் முடிவில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அறையில் வைத்த கணினி என்ன செய்திருக்கும்? சிங்கப்பூரிலோ மும்பையிலோ இருக்கிறது ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

ஆனால் அதே 2022ஐ மற்றப் பக்கத்தாலும் பார்க்க வேண்டும். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. முகிலின் வாடகை டொலரில். நீங்கள் ஒரு வரி கூடுதலாக எழுதாமலே உங்கட பில் முக்கால் மடங்கு ஏறியிருக்கும். விரிவுரை மண்டபத்தில் உண்டியல் குலுக்கிச் சேர்க்கிற காசு ரூபாயில்தான் விழுகிறது.

(இடையில் ஒன்று. முகிலுக்குப் போனால் தமிழ் தானாகச் சரிவரும் என்று நம்பாதேங்கோ. 'குறிகட்டுவான்' எங்களுக்கு ஏழு எழுத்து. யூனிகோட்டில் அது 13 குறியீடு, யுடிஎஃப்-8இல் 39 பைட். மைஎஸ்கியூஎல் சுவீடனில் பிறந்ததால் நெடுங்காலம் அதன் இயல்பு வரிசையே சுவீடிய அகரவரிசை. 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் முழு யூனிகோட் இயல்பானது. பழைய தரவுத்தளங்களில் எங்கட ஊர்ப்பெயர் எல்லாம் கேள்விக்குறி வரிசையாக நிற்கிறதற்கு இதுவும் ஒரு காரணம். வாடகைக்கு எடுத்தாலும் இதைப் பார்த்து அமைக்கிறது உங்கட வேலை.)

நகலைப் பற்றியும் கதைக்க வேணும். ஆர்டிஎஸ் தானாக எடுக்கும் நகல்கள் ஆகக்கூடியது 35 நாள்தான் நிற்கும். ஒரு கடைக்கு அது தாராளம், நேற்று நடந்த பிழை இண்டைக்குத் தெரிந்துவிடும். ஆவணம் சேர்க்கிறவர்களுக்கு அப்படி இல்லை. இரண்டு வருசம் கழித்து ஒரு ஆச்சி "இது என்ர தமையன்ர பேர் இல்லை" என்று சொல்லும்போதுதான் யாரோ எப்போதோ மாற்றி எழுதியது தெரியவரும். 2024 மே மாதம் அவுஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்துக்கு நடந்தது இன்னும் பெரிது. கூகிள் பக்கத்தில் விட்ட ஓர் அமைப்புப் பிழையால் அவர்களுடைய தனிமுகில் சந்தாவே அழிந்தது. ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தவர்கள் ஒரு கிழமைக்கு மேல் தங்கட கணக்கைப் பார்க்க முடியவில்லை. மீண்டும் எழும்ப உதவியது வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த நகல்.

அப்ப எங்கட நாட்டுக்குள்ளேயே வைத்தால்? 2023 ஓகஸ்ட்டில் இலங்கை அரச முகிலை ஒரு கப்பம் கேட்கும் நிரல் தாக்கியது. அழிந்தது மின்னஞ்சல்தான், தரவுத்தளம் அல்ல. ஆனாலும் மே 17இலிருந்து ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயின, அமைச்சரவை அலுவலகத்தினதும் சேர்த்து. இணையத்தோடு தொடுத்திருந்த நகலும் சேர்ந்து போனது. கழற்றி எடுத்துத் தனியாக வைத்த நகல் அந்தக் காலப்பகுதிக்கு இருக்கவில்லை.

இதெல்லாம் இழப்பைப் பற்றிய பயம். எங்களுக்குள் நீண்ட நேரம் இழுபட்டது மற்றப் பயம். 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் மக்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குறைந்தது 23 என்று ஒரு கணக்கு, 36 என்று இன்னொரு கணக்கு. எக்செல் தாளில் ஒரு கட்டத்துக்குள் ஒரு இலக்கம்தான் போடலாம், போடுகிறவர்தான் தீர்மானிக்கிறார். உறவுநிலை முறையில் நிகழ்வு ஓர் அட்டவணை, சாட்சியம் இன்னோர் அட்டவணை. யார் சொன்னது, எப்போது சொன்னது, எத்தனை என்று சொன்னது எல்லாம் அப்படியே நிற்கும், ஒன்று மற்றதை அழிக்காது. ஆனால் சாட்சியம் சொன்னவருக்கும் ஒரு பெயர் இருக்கிறதே. அவர் இப்பவும் அதே துறையால்தான் போய்வருகிறார். 2018இன் ஒரு சட்டப்படி, அமெரிக்க நிறுவனத்திடம் இருக்கும் தரவு எந்த நாட்டுக் கட்டடத்தில் இருந்தாலும் அமெரிக்க நீதிமன்ற ஆணைக்கு உட்பட்டது. இங்கேயும் 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, ஆனால் அறையில் வைத்த கணினியைச் சட்டம் இல்லாமலும் ஆரும் தூக்கிக்கொண்டு போகலாம். தோம்பில் பெயர் எழுதப்பட்ட எங்கட பூட்டன்மாரிடம் ஒருத்தரும் சம்மதம் கேட்கவில்லை. நாங்கள் கேட்காமல் விட ஏலாது.

கடைசியில் எங்களைத் தீர்மானிக்க வைத்தது கவனிப்பாரில்லாமல் கிடக்கிற காலம். கம்பனி போய், பிரித்தானியர் வந்து போய், கறையானும் ஈரமும் தின்றது போக மிச்சத் தோம்புகள் இண்டைக்கும் வாசிக்கக் கிடைக்கின்றன. ஆரும் அதற்கு மாதவாடகை கட்டவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் 97,000 நூல்கள் சாம்பல், வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் அதற்குள். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் அந்த நெருப்புக்கு ஒரு பதிலும்தான். அது ஓடுகிற மீடியாவிக்கிக்கு அடியிலும் ஓர் உறவுநிலைத் தரவுத்தளம் இருக்கிறது. காகிதம் புறக்கணிப்பைத் தாங்கும், நெருப்பைத் தாங்காது. முகில் நெருப்பைத் தாங்கும், இரண்டு மூன்று மாதம் காசு கட்டாமல் விட்டால் தாங்காது. நாங்கள் பட்டம் முடித்துப் போக இன்னும் இரண்டு வருசம்.

ஆகவே மலர்கள், ஊர்ப்பெயர்கள், ஆண்டுகள் போன்ற பகிரங்கமான அட்டவணைகளை மட்டும் வாடகைத் தளத்தில் வைக்கிறோம், ஆகச் சின்ன அளவில், போஸ்ட்கிரஸில். அந்தந்த நிறுவனத்துக்கு மட்டுமே உரிய வசதிகளைத் தொடுவதில்லை என்று முடிவு, நாளைக்கு மூட்டை கட்ட வேண்டி வந்தால் சுலபம். சாட்சியங்களும் சொன்னவர்களின் பெயர்களும் முகிலுக்குப் போகாது, பூட்டிட்ட இரண்டு வன்தட்டுகளில் இருக்கும். முழுத் தளத்தையும் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கோப்பாக இறக்கி வைக்கிறோம். இப்போதைக்கு அது ஒரு கைப்பேசிப் படத்தை விடச் சின்னது. ஒன்று யாழ்ப்பாணத்தில், ஒன்று புங்குடுதீவில் எங்களில் ஒருத்தரின் வீட்டில், ஒன்று வெளிநாட்டில் இருக்கிற ஒரு அக்காவிடம். வருசத்துக்கு ஒருக்கா முழுவதையும் காகிதத்தில் அச்சடித்துக் கட்டிவைக்க வேண்டும் என்று ஒருத்தர் பிடிவாதமாக நிற்கிறார். மற்றவர்கள் சிரித்தாலும் ஆரும் மறுக்கவில்லை.

வங்கி அட்டை இப்போது ஒருத்தருடைய பெயரில்தான் இருக்கிறது. அதை அடுத்த அணியிடம் எப்படிக் கைமாற்றுவது என்பதை வாற கூட்டத்தில் எடுக்கிறோம். தீவகத்திலிருந்து வாறவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருப்பதால் இரண்டு மணிக்கே தொடங்குகிறோம்.