பத்தடி தூரத்துச் செம்பருத்தி

31 வருடம் உயிரியல் வாத்தியாராக இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே செம்பருத்தி பூத்துக் குலுங்கும். நானோ கரும்பலகையில் சாக்பீஸால் சூல்பை வரைந்துகொண்டிருப்பேன்.

1972-இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 16 நடுநிலைப் பள்ளிகளில் வேறு மாதிரி தொடங்கினார்கள். பிள்ளைகள் வயலுக்குப் போனார்கள். விளையாட்டுப் போலவே இலைகளை இனம் பிரித்தார்கள், பூவைப் பிரித்து உள்ளே பார்த்தார்கள், கண்டதைத் தாங்களே எழுதினார்கள். தேர்விலும் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம்! 1978-இல் அது மாவட்டம் முழுவதும் பரவியது. 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. என்னை யாரும் தடுக்கவில்லையே! செம்பருத்தி பத்தடி தூரத்தில்தானே இருந்தது?

இப்போது பேத்தி வந்தால் முதல் வேலை, ஒரு பூவைப் பறித்து இருவரும் திண்ணையில் உட்காருவதுதான். மகரந்தத்தை விரலில் ஒற்றி எனக்குப் பொட்டு வைக்கிறாள்.