வேலூரில் வங்காள விருந்து... காந்தி ரோடு ருசி கைடு!

'வேற நாட்டுச் சாப்பாடுன்னா சென்னைக்குத்தான் போகணும்' என நினைக்கிற அணைக்கட்டு, ஆம்பூர் மக்களே... வேலூர் சி.எம்.சி மருத்துவமனை பக்கத்தில் காந்தி ரோட்டில் ஒரு நடை போய்ப் பாருங்க. கடைப் பலகைகளில் வங்காள எழுத்து, உள்ளே கடுகு எண்ணெய் வாசம்!

ஏன் இங்கே?

1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மேற்கு வங்கம், வடகிழக்கு மாநிலங்கள், பங்களாதேஷ் என எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள். பலர் வாரக்கணக்கில் லாட்ஜில் தங்குகிறார்கள். உடம்பு முடியாதவங்களுக்குப் பழகின சாப்பாடுதானே இறங்கும்? அந்தத் தேவையில் முளைத்தவைதான் இந்த ஹோட்டல்கள். ஃபேஷனுக்காக வந்தவை அல்ல.

என்ன சாப்பிடலாம்?

* மாச்சேர் ஜோல்: ரோகு, கட்லா மீனைக் கடுகு எண்ணெயில் பொரித்து, உருளைக்கிழங்கோடு கொதிக்கவிடும் தண்ணியான குழம்பு. நம்ம ஊர் புளிப்பை எதிர்பார்க்காதீங்க.
* ஆலு போஸ்தோ: கசகசா அரைத்துச் சேர்த்த உருளைக்கிழங்கு. காரம் கம்மி.
* கொல்கத்தா பிரியாணி: 1856-ல் ஆட்சியை இழந்து கொல்கத்தா வந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா வழியாக வந்தது என்பார்கள். ஆம்பூர் பிரியாணிக்கு ஆற்காடு நவாப் சமையல்காரர்களைச் சொல்வார்கள். நம்மளுதில் சீரகச் சம்பாவும் தொட்டுக்கக் கத்தரிக்காயும். அவங்களுதில் நீள அரிசியும் பெரிய உருளைக்கிழங்கும்.

நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

மதியம் வங்காளக் குடும்பங்கள் நிறைந்திருக்கும் கடைக்குப் போங்க. மீன் இன்னிக்கு வந்ததான்னு கேளுங்க. எண்ணெய் கறுத்திருந்தா நடையைக் கட்டுங்க. சிகிச்சையில் இருப்பவர்களுக்கு டாக்டர் சொன்ன பத்தியம்தான் முதலில்.

இப்போ ஏன் போகணும்?

2024 ஆகஸ்ட்டில் பங்களாதேஷில் ஆட்சி மாறிய பிறகு, அங்கிருப்பவர்களுக்கு இந்திய விசா கிடைப்பது கடினமானது. நோயாளிகளை நம்பியிருக்கும் கடைகளுக்கு அது நேரடி அடி. உள்ளூர்க்காரங்க போனா, அந்த அடுப்புகள் அணையாம இருக்கும்.

ரீல்ஸ் எடுக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: பக்கத்து டேபிளில் இருப்பவர் கீமோ முடித்து வந்தவராக இருக்கலாம். கேமராவை உங்க தட்டோட நிறுத்திக்கோங்க!