சொல்தா மாமாவின் பூட்ஸ் கத்தி

எங்கள் தெருவில் ஒரு சொல்தா மாமா இருந்தார். பிரெஞ்சுக் காலத்துக் காரைக்காலை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: 'சொல்தா' என்றால் சிப்பாய். பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து இந்தோசீனா வரை போய்வந்து, பிரான்சு கொடுத்த பென்ஷனில் வாழ்ந்தவர்கள் எங்கள் ஊரில் பலர் உண்டு. ஜூலை 14 வந்தால் மாமா மெடல்களைக் குத்திக்கொண்டு கிளம்புவார். பையன்களாகிய எங்களுக்கோ மெடல்களைவிட அவர் பெட்டியில் கிடந்த சிறு கத்திதான் பெரிது. உறையோடு ஒரு சாண்கூட இராது. அலகு நான்கு அங்குலம், இருபக்கமும் கூர்.

அதன் வம்சாவளியைப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1914இல் பிரெஞ்சுச் சிப்பாயிடம் இருந்தது லெபல் துப்பாக்கி. அதன் முனையில் மாட்டும் 1886ஆம் வருஷத்து பயனெட்டுக்கு ரோசாலி என்று செல்லப்பெயர். அலகு மட்டும் 52 சென்டிமீட்டர். துப்பாக்கியோடு சேர்த்தால் ஆறடி நீளம். திறந்த வெளியில் பார்க்க ஜோர்தான். ஆள் திரும்ப இடமில்லாத பதுங்குகுழியில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த பயனெட்டையே வெட்டிக் குட்டையாக்கினார்கள். முள்கம்பி கட்டும் இரும்புக் கழியை வளைத்து ஆணிபோல் குத்துவாள் செய்தார்கள். அதற்குப் பிறகுதான் கத்திக்குப் பேர்போன தியேர் நகரத்தில் 1916ஆம் ஆண்டு மாதிரிக் குத்துவாள்கள் தயாராயின. சிலவற்றில் '1870இன் பழிவாங்கி' என்று பிரெஞ்சில் பொறித்திருந்தார்கள். ஜெர்மனியிடம் தோற்ற போரை 46 வருஷம் கழித்துக் கத்தியில் எழுதி வைத்திருக்கிறார்கள், பாருங்கள்!

அந்தப் போருக்கு பிரெஞ்சிந்தியாவிலிருந்தும் ஆட்கள் போனார்கள். அவர்கள் கையில் என்ன கத்தி இருந்தது என்று சொல்ல இன்று எங்கள் தெருவில் யாரும் இல்லை. எனக்குத் தெரிந்தது மாமாவின் கத்திதான்.

"நல்ல கத்தியா மாமா?" என்று ஒருநாள் கேட்டேன். "ஒளிச்சு வைக்க நல்ல கத்தி" என்றார். அதில் எல்லாம் அடங்கிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. பூட்ஸுக்குள் உறுத்தாமல் இருக்கவேண்டும் என்பதற்காகப் பிடியைத் தட்டையாக வைத்திருந்தார்கள். அதனாலேயே வியர்த்த கையில் அது நிற்காது. எடுக்கும்போது மாட்டிக்கொள்ளக் கூடாதென்று குறுக்குத் தடுப்பை விட்டுவிட்டார்கள். அழுத்தினால் விரல் நேரே அலகுக்குப் போகும். இருபக்கக் கூர் குத்துவதற்குச் சரி, ஆனால் முதுகில் கட்டைவிரலை ஊன்றி ஒரு கயிற்றை அறுக்க முடியாது. தண்ணீரும் சேறுமான வயல்களில் நடந்து நடந்து, தினமும் எண்ணெய் போடாவிட்டால் துருதான். அதோடு, "சண்டையில குனிஞ்சு பூட்ஸைத் தடவிக்கிட்டிருந்தா தலை இருக்குமாடா?" என்பார். பகலெல்லாம் கையில் இருந்தது மடக்குக் கத்தியாம். பிறகு எதற்கு அதைச் சுமந்தீர்கள் என்றால், "தூங்கும்போது அது இருக்குன்னு தெரியணும்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

அவர் வலது ஆள்காட்டி விரலில் ஒரு வெட்டுத் தழும்பு. நாங்கள் எதிரியோடு கட்டிப்புரண்டு வாங்கியது என்றே நம்பியிருந்தோம். ஒரு பால் டப்பாவைத் திறக்கப்போய்க் கை வழுக்கியதாம். அந்தக் கத்தி காயப்படுத்திய ஒரே ஆள், அவர் அறிந்தவரை, அவர்தான்.

மாமா காலமானபின் பெட்டி பிரான்சில் இருக்கும் மகளுக்குப் போயிற்று. கத்தியை மட்டும் என்னிடம் கொடுத்து, "இதை வச்சிருந்தா தப்பாண்ணே? போலீஸ் கேஸ் ஆயிடுமா?" என்று கேட்டாள். அப்பாவின் பொருளைக் கடலில் போட அவளுக்கு மனசு இல்லை. விமானத்தில் கையோடு கொண்டுபோகவும் முடியாது. குமாஸ்தாவாக இருந்தவனிடம் கேட்டால் விதியைத்தானே புரட்டுவான்? 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் கூரிய ஆயுதங்களுக்கு ஓர் அளவு உண்டு: அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம், அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம். ஸ்கேலை வைத்து அளந்து காட்டினேன். நீளம் நான்கு, அகலம் ஒன்றுகூட இல்லை. அப்புறம்தான் அவள் முகம் தெளிந்தது. அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

மூன்று வருஷமாயிற்று. மாதம் ஒருமுறை தேங்காயெண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைக்கிறேன். தோலுறையில் வைத்தால் துரு பிடிக்கிறது.