புதைத்தவருக்கு மட்டும் தெரிந்த இடம்

1950ஆம் ஆண்டு திருகோணமலை நகரசபை ஆக்கள் கிணறு ஒன்று வெட்டினார்கள். கோணேசர் மலையிலிருந்து நடந்து போகிற தூரம்தான். தண்ணி வரும் என்று தோண்டின இடத்தில் வந்தது வெண்கலச் சிலைகள்: சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி.

1620களின் தொடக்கத்தில், கொன்ஸ்தந்தீனு த சாவின் காலத்தில், போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். சித்திரைப் புதுவருசத்தன்று சாமி ஊர்வலம் போன நேரம் பார்த்து உள்ளே புகுந்தார்கள் என்பது ஊரில் சொல்லிவருகிற கதை. கோயிற் கல்லில்தான் கோட்டை எழுந்தது. இன்றைக்கும் பிரெட்றிக் கோட்டை வாசலில் நின்று பார்த்தால் மீன் சின்னம் செதுக்கின கல்லைக் காணலாம். கல்லை ஒளிக்க முடியாது. ஆனால் வெண்கலத்தை உருக்கிவிடுவார்கள் என்று தெரிந்த யாரோ சிலைகளை மண்ணுக்குள் இறக்கியிருக்கிறார்கள். வேறு சில சிலைகள் தம்பலகாமத்துக்குப் போய், அங்கே ஆதிகோணேசர் கோயில் வந்தது என்றும் சொல்வார்கள்.

இது எங்கட ஊருக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. 2023இல் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் குடமுழுக்குக்காக மண் தோண்டியபோது 20க்கும் மேற்பட்ட சிலைகளும், தேவாரம் பொறித்த நூற்றுக்கணக்கான செப்பேடுகளும் கிடைத்தன. தமிழாக்களுக்குப் பாதுகாப்புப் பெட்டகம் என்றால் கனகாலமாகவே மண்தான்.

வீடுகளுக்குள்ளும் அதே யோசனைதான். 1983, 1990, 2006 என்று எங்கட மாவட்டத்துச் சனம் ஓடின வருசங்கள் பல. ஓடுவதற்கு முதல் கைக்கு அகப்பட்ட சாமான்தான் பெட்டகமாகும். பால்மா பேணிக்குள் நகையைப் போட்டு மேலே மாவை நிரப்புவது. அரிசிப் பானையின் அடியில் துணி முடிச்சு. அடுப்படியில் சாம்பலுக்குக் கீழே ஒரு சின்னக் கிடங்கு. கொஞ்சம் நேரம் கிடைத்தவர்கள் பிளாஸ்ரிக் குழாய்த் துண்டு ஒன்றின் இரண்டு பக்கமும் மூடி போட்டு, மெழுகுதிரியை உருக்கி ஊத்தி அடைத்து, வளவுக்குள் தாட்டார்கள்.

எங்களில் ஒருத்தியின் அம்மம்மா இதில் கெட்டிக்காரி. தகரப்பேணியைக் கரையோர மண்ணில் தாட்டால் உப்பு ஈரத்தில் கறள் பிடித்து ஓட்டை விழும், போத்தல்தான் நல்லம் என்பா. நகையை அப்படியே தாக்கலாம். ஆனால் காணி உறுதியைத் தாட்டால் ஈரமும் கறையானும் மிச்சம் விடாது. அதனால உறுதியையும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களையும் பொலித்தீனில் சுத்தி இடுப்பில் கட்டிக்கொண்டுதான் வெளிக்கிட்டா. பொன் போனால் திரும்ப உழைக்கலாம், காணி இல்லையென்றால் எங்க திரும்பி வாறது என்பது அவவின் கணக்கு.

ஆனால் எங்களை யோசிக்க வைத்தது அவ சொன்ன இன்னொரு விசயம். தாட்ட இடத்துக்கு அடையாளமாக அவ வைத்தது கிணற்றடித் தென்னை. அதிலிருந்து வீட்டு மூலைப் பக்கம் ஏழு அடி. திரும்பி வந்தபோது தென்னையும் இல்லை, வீட்டு மூலையும் இல்லை. கிணறு தூர்ந்து பத்தை மூடியிருந்தது. மூன்று நாள் அலவாங்கு போட்டும் போத்தல் கிடைக்கவில்லை. அந்த ஏழு அடிக் கணக்குத் தெரிந்த மற்ற ஆள் அம்மப்பா. அவர் திரும்பி வரவேயில்லை. 2006இல் வெளிக்கிட்ட சம்பூர்ச் சனம் ஊருக்குள் மீளக் குடியேறத் தொடங்கியது 2015, 2016இல்தான். பத்து வருசத்தில் ஒரு வளவு என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒளிப்பிடம் ஒன்று செய்யும்போது கள்ளன் கண்டுபிடிக்கக் கூடாது என்றுதான் எல்லாரும் யோசிக்கிறம். சொந்தக்காரர் கண்டுபிடிக்க வேண்டும் என்பதை மறந்துபோறம். எவ்வளவு குறைவான ஆக்களுக்குத் தெரியுமோ அவ்வளவு பாதுகாப்பு என்பது உண்மை. ஆனால் அந்த ஓரிரு ஆக்களும் இல்லாமல் போனால், ஒளித்ததும் தொலைத்ததும் ஒன்றுதான். கோணேசர் சிலைகளைத் தாட்டவர்கள் நல்லாத்தான் தாட்டார்கள். வெண்கலம் என்றபடியால் மண்ணும் அதைத் தின்னவில்லை. ஆனால் இடம் தெரிந்தவர்களோடு அந்தச் சேதியும் போய்விட்டது. 300 வருசத்துக்கு மேல் சனம் அந்த மண்ணுக்கு மேலாலதான் நடந்து திரிந்தது.

அந்தச் சிலைகள் 1963இல் புதுக்கோயில் குடமுழுக்குக் கண்டபோது மறுபடி கோயிலுக்குள் வந்தன. அது ஒரு கிணற்றின் புண்ணியம். எங்கட வீடுகளுக்கு அப்படி ஒரு கிணறு வாய்க்கும் என்று நம்பிக்கொண்டிருக்க ஏலாது. அம்மம்மாமார் இன்னும் இருக்கினம். எதை எங்க வச்சவை, எதைக் கொண்டு போனவை, எது திரும்பக் கிடைக்கவில்லை என்று இந்த விடுமுறைக்குள் கேட்டு எழுதிவைப்பம். உறுதி வீட்டில் இல்லையென்றால் காணிப் பதிவகத்தில் பதிவுப் பிரதி இருக்குதா என்று போய்ப் பார்ப்பம். அம்மம்மா அந்த ஏழு அடியை இப்பவும் மறக்கவில்லை. தென்னை நின்ற இடத்தைத்தான் நாங்கள் இனிக் கண்டுபிடிக்க வேணும்.