சாவா மூவாப் பேராடும் என் சித்தப்பாவும்

பதிவு கொஞ்சம் நீளம். பாதியில் விட்டுப் போகிறவர்கள் கடைசிப் பத்தியையாவது படித்துவிடுங்கள். அதில் உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

என் தங்கை மகனை உறவுகளுக்கெல்லாம் தெரியும். பிறவியிலேயே மூளை முடக்குவாதம், கூடவே அறிவு வளர்ச்சிக் குறைபாடு. இப்போது வயது 27. தங்கைக்கு 61, மச்சானுக்கு 66. "எங்களுக்கு அப்புறம் இவனுக்கு யாரு?" என்ற கேள்விக்காக இரண்டு மாதமாக ஒரு டிரஸ்ட் பத்திரம் எழுத உட்கார்ந்திருக்கிறோம். இதே கேள்வியோடு என் மாணவர்கள் இரண்டு பேரும் போன் செய்தார்கள். வரலாற்று வாத்தியாருக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இது சட்டம் ஆவதற்கு முன்பே வரலாறு.

'எனக்குப் பிறகு' என்ற கவலைக்கு நம் திருவண்ணாமலையில் ஒரு திருவிழாவே உண்டு. பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே மகனாக நின்று, மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் திதி கொடுக்கிறார். (போசள மன்னன் மூன்றாம் வல்லாளனுக்குப் பிறகு அவன் மகன் பட்டத்துக்கு வந்தான் என்று வரலாறு சொல்லும். கதையோடு சண்டை போட எனக்கு மனமில்லை.)

ஆனால் டிரஸ்ட் என்ற ஏற்பாட்டைக் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் கோயில் சுவர். சோழர் காலம் முதல் விளக்குக்கு எழுதி வைத்த கல்வெட்டுகளைக் கவனித்துப் பாருங்கள். ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது இரவும் பகலும் அணையாமல் எரியும் விளக்குக்கு, பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் கொடுப்பார்கள். ஆடுகளை ஒரு மன்றாடியிடம், அதாவது இடையரிடம், ஒப்படைப்பார்கள். அவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். செத்த ஆட்டுக்கும் கிழடான ஆட்டுக்கும் பதிலாகக் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையைக் காக்க வேண்டும். அதனால்தான் அவை 'சாவா மூவாப் பேராடு'. கொடுத்தவர் போய்விடுவார், மன்றாடியும் போய்விடுவார், அந்த எண்ணிக்கை மட்டும் குறையாது. முடிவில் 'இது பன்மாகேசுவரர் ரட்சை' என்று ஒரு வரி வரும். கணக்குக் கேட்கும் பொறுப்பு சிவனடியார் கூட்டத்துக்கு என்று பொருள். இந்தத் தருமத்தைக் காத்தவர் பாதம் என் தலைமேல் என்றும் சிலர் வெட்டி வைத்தார்கள். இன்னும் பிறக்காத ஒருவனின் காலில் இப்போதே விழுகிறார்கள்!

கொடுப்பவர், வைத்து நடத்துபவர், பயன்பெறுவது, கணக்குப் பார்ப்பவர். நான்கும் அந்தக் கல்லில் இருக்கின்றன. விளக்குக்கு இவ்வளவு யோசித்த சமூகம், வீட்டில் இருந்த மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு என்ன செய்தது?

மனு முதலிய ஸ்மிருதிகள், பிறவிக் குருடர், செவிடர், ஊமை, புத்தி சுவாதீனம் இல்லாதவர் ஆகியோருக்குச் சொத்தில் பங்கில்லை என்றன. சோறும் துணியும் கொடுக்க வேண்டும், கொடுக்காதவன் பாவி என்றும் அதே இடத்தில் சொல்லின. வெள்ளைக்காரன் காலத்து நீதிமன்றங்கள் இதையே இந்து சட்டமாக எடுத்துக்கொண்டன. 1928-இல் வந்த ஒரு சட்டம் பார்வையற்றவர், காது கேளாதவர், உடல் ஊனமுற்றவர் எல்லோருக்கும் பங்குரிமையைத் திருப்பிக் கொடுத்தது. ஒரு பிரிவினரை மட்டும் வெளியே நிறுத்தியது. பிறவியிலேயே 'லூனாட்டிக் ஆர் இடியட்' ஆக இருப்பவர்கள். சட்டத்தின் சொல் அது, என்னுடையது அல்ல.

என் சித்தப்பா அந்தச் சொல்லுக்குள் மாட்டிக்கொண்டவர். எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரம் 1951-ஆம் வருஷத்தியது. பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் நிலம் பிரித்து எழுதிவிட்டு, சித்தப்பாவுக்கு 'ஜீவனாம்சம்' என்று வருஷத்துக்கு 10 மூட்டை நெல்லும், நான்கு வேட்டியும், இரண்டு துண்டும் எழுதியிருக்கிறார்கள். பெரியப்பா இருந்தவரை நெல் ஒழுங்காக வந்தது. அவர் போன பிறகு நிலம் கைமாறியது. வாங்கியவருக்கு ஜீவனாம்சத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சித்தப்பா எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். அம்மா இருந்ததால் குறையில்லாமல் இருந்தார். எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. யார் கணக்குக் கேட்பது என்று மட்டும் அவர்கள் எழுதவில்லை. 96 ஆட்டுக்கு இருந்த காவல் என் சித்தப்பாவுக்கு இல்லை.

1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு, நோயோ குறையோ காரணமாக யாருக்கும் வாரிசுரிமை மறுக்கக் கூடாது என்றது. கதை முடிந்தது என்று நினைப்போம். இல்லை. பங்கு கிடைப்பது வேறு, அதை வைத்து வாழ்வது வேறு. பத்திரத்தில் கைநாட்டு வைக்கிறோம் என்பதே புரியாத பிள்ளையின் பேரில் வீடு இருந்தால், அதற்கு ஆபத்து வெளியாளிடமிருந்துதான் வரும் என்று இல்லை.

"அண்ணன் பேரில் எழுதிடலாம் சார், அவன் தம்பியப் பாத்துப்பான்" என்றான் ஒரு மாணவன். பார்த்துக்கொள்வான், சந்தேகமில்லை. ஆனால் அவன் பேரில் எழுதினால் சொத்து அவனுடையது. அவன் கடனுக்கு அது ஈடாகும், அவனுக்குப் பிறகு அவன் வாரிசுகளுக்குப் போகும். பாசத்தை அது ஒன்றும் செய்யாது, சொத்தை மட்டும் நகர்த்திவிடும்.

இங்கேதான் 1882-ஆம் வருஷத்து இந்திய டிரஸ்ட் சட்டம் உதவுகிறது. சொத்து டிரஸ்டியின் பேரில் இருக்கும், ஆனால் அவர் சொத்தாகாது. பயனாளிக்காக மட்டுமே அவர் அதைத் தொடலாம். வீடு, நிலம் என்றால் உயில் மூலமாகவோ, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த பத்திரம் மூலமாகவோதான் டிரஸ்ட் ஏற்படுத்த முடியும். நாங்கள் எழுதும் பத்திரத்தில் நான் பிடிவாதமாக நிற்கும் இடம் ஒன்று. பையனுக்குப் பிறகு மிச்சம் யாருக்குப் போகுமோ, அவர் மட்டுமே டிரஸ்டியாக இருக்கக் கூடாது. மச்சானுக்கு இதில் வருத்தம், 'நம்ம ஆளுங்களையே சந்தேகப்படறியா' என்று. மன்றாடி திருடன் என்று நினைத்தா பன்மாகேசுவரரை எழுதினார்கள்?

நம் காலத்துப் பன்மாகேசுவரர் 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இருக்கிறார். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கும் அது பொருந்தும். 18 வயது தாண்டிவிட்டால் பெற்றோர் தாமாகவே சட்டப்பூர்வப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. அதற்காகத்தான் மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு. பாதுகாவலராக நியமிக்கப்பட்டவர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் வரவு செலவு காட்ட வேண்டும். தவறினால் நீக்கலாம். நம் ஊரில் வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மனநோய் மட்டும் உள்ளவர்கள் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கு வழி வேறு, வக்கீலைப் பார்க்க வேண்டும்.

பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள ஆசிரியர்களே, சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு ஆயுள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. நீங்கள் இருக்கும்போதே சான்றிதழ்களோடு விண்ணப்பித்துப் பதிவு செய்துவிடுங்கள். இன்னொன்று. வருமான வரிச் சட்டத்தின் 80டிடி சலுகைக்காகப் பிள்ளை பேரில் கட்டும் பாலிசியில், பெற்றோர் இறந்த பிறகுதான் பணம் வரவேண்டும் என்று நிபந்தனை இருந்தது. ஒரு தகப்பன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2019-இல் அவர் வழக்கு தள்ளுபடி ஆனாலும், அரசு இதை யோசிக்க வேண்டும் என்று நீதிபதிகள் எழுதினார்கள். 2022-இல் பெற்றோர் 60 வயதைத் தொட்டாலே பெறலாம் என்று திருத்தம் வந்தது. தோற்ற வழக்கும் சில நேரம் வேலை செய்யும்.

சிங்கப்பூரில் இருக்கும் மாணவர்கள் கவனிக்க. அங்கே 2008-இல் அரசு ஆதரவோடு, இத்தகைய குடும்பங்களுக்கு டிரஸ்டியாக நிற்பதற்கென்றே லாப நோக்கமில்லாத 'ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட் கம்பெனி' தொடங்கினார்கள். இங்கே வங்கிகளின் டிரஸ்டி கம்பெனிகள் பெரும் பணக்காரர்களுக்குத்தான். நம்மைப் போன்றவர்கள் ஆளைத் தேட வேண்டும்.

அதனால்தான் இந்தப் பதிவு. எங்கள் பத்திரத்தில் மூன்று டிரஸ்டிகள். ஒருவன் பையனின் அண்ணன். இன்னொருவர் தங்கையோடு பள்ளியில் வேலை பார்த்த டீச்சர். மூன்றாம் இடம் காலி. எனக்கு 70 ஆகிறது, நான் சரிப்பட மாட்டேன். உறவுகளில் 40 வயதுக்குள், கணக்கு எழுதச் சலிக்காதவர் ஒருவர் வேண்டும். வருஷத்துக்கு நான்கு நாள் வேலை, சம்பளம் கிடையாது. விருப்பமிருந்தால் முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பையனோடு இருந்து பாருங்கள். அவனுக்குக் கூட்டம் பிடிக்காது. காலை பத்து மணிக்குமேல் வாருங்கள், அதற்கு முன் அவன் இட்லி சாப்பிட்டு முடிக்கமாட்டான்.