ஒலியின் பிரதி

எலெக்ட்ரானிக் இசையின் சரித்திரத்தைப் பெரும்பாலும் கருவிகளின் சரித்திரமாகவே எழுதி வந்திருக்கிறார்கள். அதை ஒரு பிரதியின் சரித்திரமாகவும் வாசிக்கலாம் என்பது என் கட்சி.

1957ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் மாத்யூஸ் ‘மியூஸிக்’ என்ற புரோகிராமை எழுதினார். ஐ.பி.எம். 704 கம்ப்யூட்டரின் வழியே அதில் பிறந்த முதல் இசை, நியூமன் கட்மன் அமைத்தது, 17 வினாடி. இசையாக அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஒலியை உண்டாக்கும் வழி எழுத்தாகிவிட்டது. அடுத்தடுத்து வந்த ‘மியூஸிக்’ புரோகிராம்களில் எந்த வாத்தியம், எப்போது தொடங்குவது, எவ்வளவு நேரம், என்ன அதிர்வெண் எல்லாமே வரிசை வரிசையாக எண்கள். பேரேட்டோடு காலம் தள்ளும் எனக்கு இந்தப் பத்திகள் அந்நியமாகப் படவில்லை. யாரும் எடுத்துச் சரிபார்க்கலாம்.

அதே கூடத்தில் வேலை செய்த பிரெஞ்சுக்காரர் ழான்-க்ளோத் ரிஸே. ஹிரோஷிமா விமானியைப் பற்றிய நாடகம் ஒன்றுக்காக 1968ல் அவர் செய்த இசையில் ஓர் ஒலி விழுந்துகொண்டே இருக்கிறது, தரையைத் தொடுவதேயில்லை. ஒன்றுக்கொன்று ஒரு ஸ்தாயி இடைவெளியில் பல ஒலிகள் சேர்ந்து இறங்குகின்றன. அடியில் ஒன்று மங்கி மறைய, உச்சியில் இன்னொன்று மெல்ல நுழைகிறது. 1969ல் வெளிவந்த தம் ஒலி அட்டவணையில் இதன் செய்முறையையும் எண்களோடு எழுதிவைத்தார் ரிஸே. ரகசியம் தெரிந்த பின்னும் கேட்கையில் அச்சம் குறைவதில்லை. இதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

மறுபக்கமும் உண்டு. 1967ல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டுபிடித்த எஃப்.எம். முறை காப்புரிமையாகி, யமஹாவின் கைக்குப் போய், 1983ல் டி.எக்ஸ்.7 என்ற கீபோர்டாக வந்தது. முறை என்னவோ 1973லேயே அச்சாகியிருந்தது. ஆனால் கீபோர்டை வாங்கியவர்களில் பலர் உள்ளே புகவில்லை. தயாராக வைத்துத் தந்த ஒலிகளையே அழுத்தினார்கள்.

எழுத்தின் வழி அறுந்துபோகவில்லை. 1986ல் எம்.ஐ.டி.யில் பேரி வெர்கோ ‘சி’ மொழியில் எழுதிய ஸீஸவுண்ட், மாத்யூஸின் நேர் வாரிசு. ரிஸேயின் குறிப்புகள் பல அதில் மாற்றி எழுதப்பட்டு மீண்டும் ஒலிக்கின்றன. அவை முதலில் ஓடிய இயந்திரங்கள் எப்போதோ வழக்கொழிந்தன. 1996ல் மில்லர் பக்கெட்டின் ப்யூர் டேட்டா வந்தது. ஜேம்ஸ் மெக்கார்ட்னி, தாம் விலைக்கு விற்றுவந்த சூப்பர்கொலைடரை 2002ல் மூல எழுத்தோடு பொதுவில் விட்டார். யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குத் தரலாம்.

செய்முறை கையில் கிடைத்ததால் யாரும் கலைஞனாகிவிடுவதில்லை. யாப்பு படித்தவனெல்லாம் கவியாகிவிட்டானா? இவற்றைக் கொண்டு இன்று செய்யப்படுவதில் பெரும்பகுதி வெறும் சப்தம்தான். ஆனால் அது ஏன் வெறும் சப்தம் என்பதை வரியைக் காட்டிச் சொல்ல முடியும். மூடிய பெட்டியின் முன் வியந்து நிற்கலாம், அல்லது எழுந்து போகலாம். விமர்சனத்துக்கு அங்கே பிடி கிடைப்பதில்லை.