ஆரணிக்காரர் காத்த இடது பக்கம்



"மாஸ்கோ தங்கம் சும்மா கிடைத்தது சார், பெரிய அணிகள் வரவே இல்லையே" என்று பழைய மாணவர் ஒருவர் போன வாரம் சொன்னார். வரவில்லை என்பது உண்மைதான். பாகிஸ்தான், ஆஸ்திரேலியா, மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, 1976இல் தங்கம் வென்ற நியூசிலாந்து எல்லாரும் புறக்கணித்தார்கள். ஹாக்கியில் ஆறே அணிகள். ஆனால் 'சும்மா' என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நான்கு வருடம் முன்பு மாண்ட்ரியலில் முதல் முறையாகச் செயற்கைப் புல்லில் ஒலிம்பிக் ஹாக்கி நடந்தது. நம் அணிக்கு ஏழாவது இடம். அந்தத் தோல்வியை உள்ளே இருந்து பார்த்தவர் நம் ஆரணிக்காரர் வாசுதேவன் பாஸ்கரன். 1980இல் அவரே கேப்டன். அணியில் பலருக்கு அதுவே முதல் ஒலிம்பிக். முகமது ஷாஹித்துக்கு இருபது வயதுதான்.

பாஸ்கரன் ஆடிய இடம் லெஃப்ட் ஹாஃப். பொன்மலை ரயில்வே மைதானத்தில் ஆட்டம் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஹாக்கி மட்டைக்கு இடது முகம் மட்டும்தான் தட்டை. பந்தை அதால்தான் அடிக்கலாம். எதிரணியின் ரைட் அவுட் கோட்டை ஒட்டி ஓடி வரும்போது பந்து அவனுக்கு வசதியான பக்கம் இருக்கும். அவனைத் தடுக்கும் லெஃப்ட் ஹாஃபுக்கோ அது இடது கைப் பக்கம். மட்டையைத் திருப்பிப் பிடித்துத் தடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காலை வேகமாக மாற்றி முன்னால் போய் நிற்க வேண்டும். பந்து வழுக்கிக்கொண்டு ஓடும் செயற்கைப் புல்லில் அரை விநாடி தாமதித்தாலும் ஆள் போய்விடுவான். பந்தைப் பறித்த உடனே முன்னால் நிற்கும் லெஃப்ட் அவுட் ஜாபர் இக்பாலுக்குத் தள்ளவும் வேண்டும். தடுப்பும் தாக்குதலும் ஒரே ஆள் தலையில்!

லீக்கில் தான்சானியாவுக்கு எதிராக 18-0, கியூபாவுக்கு எதிராக 13-0. இவற்றைப் பெருமையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. போலந்துடன் 2-2, ஸ்பெயினுடன் 2-2. சோதனை இங்கேதான் இருந்தது.

ஜூலை 29, இறுதிப் போட்டி. மறுபடி அதே ஸ்பெயின். சுரிந்தர் சிங் சோதி இரண்டு கோல், கௌஷிக் ஒன்று, 3-0. முடிந்தது என்று நினைக்கும்போது ஹுவான் அமத் இரண்டு கோல் போட்டு 3-2 ஆக்கினார். இளைஞர்கள் நிறைந்த அணி கலங்கிப்போகும் நேரம் அது. ஷாஹித் நான்காவதைப் போட்டார். அமத் விடவில்லை, தன் மூன்றாவதையும் போட்டார். 4-3. மீதி நேரம் முழுக்க முன்னணியைக் காத்து நிற்பதே வேலை. அது பின்வரிசையும் ஹாஃப் வரிசையும் சேர்ந்து செய்யும் வேலை.

1964 டோக்கியோவுக்குப் பிறகு பதினாறு வருடம் கழித்து வந்த தங்கம். அதற்கப்புறம் ஹாக்கியில் ஒரு வெண்கலம் பார்க்கவே 2021 வரை காத்திருந்தோம். எல்லா அணிகளும் வந்திருந்தால் மாஸ்கோவில் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. வந்திருந்த ஸ்பெயின் நம்மைக் கடைசி வரை விரட்டியது, நாம் விழவில்லை. அந்த மாணவருக்கு என் பதில் இதுதான். ஆரணிப் பக்கத்து உறவினர்கள் யாராவது பாஸ்கரன் ஆடியதை நேரில் பார்த்திருந்தால் கீழே எழுதுங்கள்.